எது முதலில் கெடுமோ அது முதலில்: ரயிலில் வேலைக்குச் செல்லும் ஒருவரின் புரத உணவுத் திட்டம் – நிகழ்வு ஆய்வு

செங்கல்பட்டுக்கு அருகில் குடியிருந்து, புறநகர் மின்ரயிலில் எழும்பூர்ப் பக்கம் கணக்கு அலுவலகமொன்றுக்கு வேலைக்குச் செல்லும் 43 வயதுப் பெண் ஒருவருக்காக வகுத்த வாராந்தர உணவுத் திட்டத்தை இங்கே பதிவு செய்கிறேன். அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். புரதம் போதாமல் உண்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது எளிது. காலை 6.45 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி இரவு 7.45 மணிக்குத் திரும்பும் ஒருவர் அந்த ஆலோசனையைப் பையில் வைத்து எடுத்துச் செல்ல முடிகிறதா என்பதுதான் கடினமான கேள்வி. இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது.

அவர் ஆலோசனைக்கு வந்தபோது முதலில் சொன்ன குறை, மாலை நாலு மணிக்கு மேல் கை கால் சோர்ந்துவிடுகிறது, பசி தாங்க முடியவில்லை என்பதாகும். அந்த நேரத்தில் அலுவலகத்துக்குக் கீழே உள்ள கடையில் இரண்டு பஜ்ஜியும் ஒரு டீயும், இல்லாவிட்டால் மேசை இழுப்பறையில் இருக்கும் பிஸ்கட் பாக்கெட்டும் அவருக்குத் துணையாக இருந்தன. எடை 62 கிலோ. ஹீமோகுளோபின் 11.2 கிராம், கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்று கொள்வது வழக்கம் என்பதால் அவருடைய மருத்துவர் ஏற்கெனவே இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று மாத சர்க்கரை அளவு 5.9 விழுக்காடு, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. தாயாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. சிறுநீரகச் செயல்பாடு இயல்பாக இருப்பதை இரத்தப் பரிசோதனை காட்டிய பிறகே புரதத்தைக் கூட்டும் பேச்சைத் தொடங்கினேன். அந்த முடிவைப் பாராமல் யாருக்கும் புரதத்தைக் கூட்டச் சொல்லக் கூடாது.

அவர் அசைவம் உண்பவர்தான். ஆனால் கோழியும் மீனும் ஞாயிற்றுக்கிழமையோடு சரி. செவ்வாயும் வெள்ளியும் முட்டைகூடக் கிடையாது. புரட்டாசி மாதம் முழுக்கக் கிடையாது. அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் இல்லை, உணவைச் சூடுபடுத்த அடுப்போ மைக்ரோவேவோ இல்லை. வீட்டில் கணவர், பள்ளியில் படிக்கும் மகன், மாமியார் என நான்கு பேர். காலைச் சமையலும் இரவுச் சமையலும் அவர் கையில் இருந்தன. உடன் வேலை செய்யும் ஒருவர் புரதப் பவுடர் டப்பா ஒன்றை வாங்கச் சொல்லியிருந்ததால், அதை வாங்கலாமா என்பதே அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியாக இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டியில், உடல் வலுவுக்காகப் புரதப் பவுடர்களை நாடுவதைத் தவிர்க்கும்படி கூறியுள்ளது. அதைச் சொல்லி, முதலில் சமையலறையில் உள்ளதைக் கணக்குப் பார்ப்போம் என்றேன்.

சாம்பாரின் கணக்கு

மூன்று நாள் உண்டதை எல்லாம் எழுதி வரச் சொன்னேன். வேலை நாளில் அவருடைய உணவு ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தது: காலையில் மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்னியும், பொழுது விடிந்ததும் ஒன்றும் அலுவலகத்தில் ஒன்றுமாக இரண்டு காபி, மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், மாலையில் பஜ்ஜியும் டீயும், இரவில் தோசை அல்லது சப்பாத்தி. கூட்டிப் பார்த்தால் நாளுக்குச் சுமார் 40 கிராம் புரதம் வந்தது. இந்தியர்களுக்கு 2020இல் பரிந்துரைக்கப்பட்ட அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம், 62 கிலோவுக்கு அது 51 கிராமைத் தாண்டுகிறது. உணவில் பெரும்பகுதி அரிசியாக இருக்கும்போது புரதத்தின் தரம் குறைவதால் கிலோவுக்கு 1 கிராம் என்று கொள்வதே பாதுகாப்பானது என்று கருதி, 60 கிராமை இலக்காக வைத்தேன்.

அவருக்குப் பெரும் வியப்பைத் தந்தது சாம்பார்தான். தினமும் பருப்பு உண்கிறேனே, பிறகு எப்படிப் புரதம் குறையும் என்று கேட்டார். அவர் வீட்டில் ஒரு நாள் சாம்பாருக்கு வேகவைக்கும் துவரம்பருப்பை நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். 100 கிராம் இருந்தது. அதில் உள்ள புரதம் 22 கிராம் அளவுதான். அந்தச் சாம்பார் நான்கு பேருக்கு இரண்டு வேளை வருகிறது. ஆக எட்டுப் பங்கில் ஒரு பங்குக்கு மூன்று கிராம் புரதம்கூட முழுதாக வருவதில்லை. தட்டில் விழும் சோற்றுக்குரிய அரிசி 100 கிராம், அதன்மேல் ஊற்றும் சாம்பாரில் உள்ள பருப்பு 12 கிராம் சொச்சம் என்றால், தானியமும் பருப்பும் எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் நிற்கின்றன. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி, ஆனால் மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்ய வேண்டுமானால் மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பாவது வேண்டும் என்று ஊட்டச்சத்து நூல்கள் சொல்கின்றன. சாம்பார் நல்ல உணவு. காய்கறியைச் சோற்றோடு சேர்ப்பதற்கு அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அதைப் புரதக் கணக்கில் நம்பி இருப்பதுதான் நம் வீடுகளில் பரவலாக நடக்கும் பிழை என்பது இத்தனை உணவுக் குறிப்புகளைப் பார்த்தபின் எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

எடுத்துச் செல்லும் உணவின் சிக்கல்

முதலில் எழுந்த யோசனை எல்லோருக்கும் தோன்றுவதுதான்: காலையில் முட்டை வேகவைத்து மதியப் பெட்டியில் வைப்பது, மாலைக்குச் சுண்டல் கொண்டு போவது. தாளில் பார்த்தால் கணக்கு நிறைந்துவிடும். ஆனால் சமைத்த உணவு 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடையிலான சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெளியில் 32 பாகைக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் விதி. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அந்த வெயில்தான். காலை ஆறு மணிக்கு வெந்த முட்டை பிற்பகல் ஒன்றரை மணி வரை பைக்குள் வெதுவெதுப்பாகக் கிடப்பதும், தேங்காய் துருவிப் போட்ட சுண்டல் மாலை நாலரை வரை மூடிய டப்பாவில் இருப்பதும் ஏற்கத்தக்கவை அல்ல. குளிர்ந்த ஊர்களுக்காக எழுதப்பட்ட புரத உணவுத் திட்டங்கள் நமக்கு உதவாமல் போவது இந்த இடத்தில்தான். பனீர், கோழித் துண்டு, தயிர்க் கலவை என்று அவற்றில் இருப்பவை எல்லாம் ஃப்ரிட்ஜை நம்பியவை.

ஆகவே எந்த உணவில் எவ்வளவு புரதம் என்பதற்கு முன்னால், எந்த உணவு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை வைத்தே நாளை அடுக்கினோம். எது முதலில் கெடுமோ அதை முதலில் உண்பது. சூட்டில் காக்க வேண்டியதை மதியத்துக்கு வைப்பது. ஈரமே இல்லாததை மாலைக்கு வைப்பது. இந்த ஒரு மாற்றம் செய்ததும் மற்றவை தாமாகப் பொருந்தின.

முட்டை காலைக்கு வந்தது. முந்தைய இரவே இரண்டு முட்டை வேகவைத்து, ஓட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்து, கிளம்பும்போது எடுத்துச் சென்று, ரயிலில் இடம் கிடைத்ததும் உரித்து உண்பது. ஃப்ரிட்ஜிலிருந்து வெளிவந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், வெயில் ஏறும் முன்பே, அது தீர்ந்துவிடும். ஓட்டை உரிக்காமல் வைப்பது முக்கியம். உரித்த முட்டை விரைவில் கெடும், பக்கத்தில் இருப்பவருக்கு வாடையும் வரும். ஒரு சிறிய தாளில் மிளகும் உப்பும் மடித்து எடுத்துக்கொள்வார். இரண்டு முட்டையில் 12 கிராமுக்குக் குறையாத புரதம். கிளம்பும் முன் இரண்டு இட்லியும் ஒரு காபியும் சேர்ந்தால் காலை வேளையிலேயே 19 கிராம் ஆகிவிடும். முன்பு அந்த வேளையில் அவருக்குக் கிடைத்தது அதில் பாதிதான்.

செவ்வாய், வெள்ளிக்கு அடை. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எடுத்துச் செல்லும் புரத உணவு என்று எதையாவது புதிதாகத் தேடுகிறவர்கள் நம் கையில் இருக்கும் இந்தப் பண்டத்தை மறந்துவிடுகிறார்கள். அவர் வீட்டில் அடைக்கு அரிசியும் பருப்பும் சம அளவு போடுவார்கள். அதை அரிசி ஒரு பங்கு, பருப்பு இரண்டு பங்கு என்று மாற்றச் சொன்னேன். கடலைப்பருப்பு பாதி, மீதியில் துவரையும் உளுந்தும் பாசிப்பருப்பும். ஓர் அடைக்கு 45 கிராம் அரிசி பருப்பு என்று வைத்தால் ஏறத்தாழ 7.5 கிராம் புரதம். இரண்டு அடையில் 15 கிராம். இரண்டு தோசையில் இதில் பாதிகூடத் தேறாது. பருப்பு கூடினால் அடை முறுகலாக வரும், ஆறினால் தட்டையாக விறைக்கும் என்று மாமியார் எச்சரித்தார், அது உண்மைதான். மாவை நைசாக அரைக்காமல் ரவைப் பதத்தில் விட்டு, முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி கிள்ளிப்போட்டு, கல்லில் சற்றுத் தடிமனாக வார்த்து, நடுவில் ஓட்டை போட்டு நல்லெண்ணெய் விட்டதும் ஆறிய பின்னும் மென்மையாக இருந்தது. ரயிலில் கையில் வைத்து உண்ண வேண்டும் என்பதால் சிறிய வட்டமாக வார்த்தார்கள். தொட்டுக்கொள்ளச் சட்னி வேண்டாம். உள்பக்கம் எண்ணெய் குழைத்த இட்லிப் பொடி தடவி மடித்தால் போதும்.

மதியத்துக்குப் பருப்பு உசிலி. துவரம்பருப்பையும் கடலைப்பருப்பையும் மிளகாய், பெருங்காயத்தோடு கரகரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்து உதிர்த்து, பீன்ஸ் அல்லது கொத்தவரங்காயோடு புரட்டும் அதே பழைய உசிலிதான். ஒரு பங்குக்கு 40 கிராம் பருப்பு என்றால் 9 கிராம் புரதம். அதாவது மேலே சொன்ன சாம்பாரில் மூன்று பங்குக்கு ஈடு. வெந்து உதிர்த்த பருப்பை ஞாயிற்றுக்கிழமையே தட்டையான சிறு பொட்டலங்களாக ஃப்ரீசரில் வைத்துவிட்டால் காலையில் தாளித்துக் காயோடு சேர்ப்பது மட்டுமே வேலை. 70 கிராம் அரிசிச் சோறும் கொஞ்சம் காயும் சேர மதிய வேளை 16 கிராம். சில நாள்களில் உசிலிக்குப் பதிலாக மீல்மேக்கர். காய்ந்த நிலையில் 25 கிராம் எடுத்தால் அதில் பாதி எடை புரதம், அதாவது 13 கிராம். வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, மிளகும் வெங்காயமும் போட்டுச் சுண்டச் சுண்ட வறுத்தால் சோயாவின் வாடை தெரியாது.

மதிய உணவைச் சூட்டில் காப்பதற்கு அவரிடம் ஏற்கெனவே இருந்த ஹாட் பாக்ஸ் போதுமானதாக இருந்தது. பயன்படுத்தும் முறைதான் மாற வேண்டியிருந்தது. கொதிக்கும் வெந்நீரை அதில் நிறைத்து ஐந்து நிமிடம் மூடி வைத்து, நீரைக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சோற்றையும் உசிலியையும் இடைவெளி இல்லாமல் நிரப்பி உடனே மூட வேண்டும். முன்பு அவர் சோற்றை ஆறவைத்துக் கட்டுவார். வியர்த்துப் போகும் என்று அம்மா சொல்லிக் கொடுத்த பழக்கம் அது. சாதாரண எவர்சில்வர் டப்பாவுக்கு அந்தப் பழக்கத்தில் ஒரு காரணம் இருந்தது. சூட்டைக் காக்கும் பெட்டிக்கு அது நேர் எதிர். சமையலறை வெப்பமானி ஒன்றைக் கொடுத்து மதியம் திறந்ததும் அளக்கச் சொன்னேன். ஆறவைத்துக் கட்டியபோது வெதுவெதுப்பாக மட்டும் இருந்த சோறு, வெந்நீர் விட்டுச் சூடேற்றிய பெட்டியில் 60 பாகைக்குக் கீழே இறங்கவில்லை. வெப்பமானி இல்லாதவர்கள் மூடியைத் திறந்ததும் ஆவி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

மாலைக்கு ஈரமில்லாத உணவு: பொட்டுக்கடலையும் வறுத்த வேர்க்கடலையும் சேர்த்து 40 கிராம். இதில் 9 கிராம் புரதம். கெடாது, சிந்தாது, இழுப்பறையில் ஒரு டப்பாவில் வாரம் முழுக்கக் கிடக்கும். பிஸ்கட் இருந்த அதே இடத்தில் இதை வைக்கச் சொன்னேன். இரவில் மறுபடியும் அடை, அல்லது ஊறவைத்த பச்சைப்பயற்றை இஞ்சியோடு அரைத்த தோசை. இவற்றோடு நாள் கணக்கு 60 கிராமைத் தொட்டது.

ஞாயிற்றுக்கிழமை வேலையும் வீட்டாரும்

சனிக்கிழமை இரவு ஊறவைப்பது, ஞாயிறு காலை உசிலிப் பருப்பை அரைத்து ஆவியில் வைப்பது, மாலையில் அடைமாவு அரைப்பது என்று வேலை பிரிந்தது. அடைமாவு ஃப்ரிட்ஜில் புதன் வரை தாங்கும். அதற்குமேல் புளிப்பு ஏறும். அதனால் வெள்ளிக்கிழமை அடைக்கு வாரத்தின் நடுவில் இன்னொரு முறை மாவு அரைக்க வேண்டும்; வாரத்தின் பின்பாதி இரவுகளுக்குப் பச்சைப்பயறு. அதை ஊறவைத்து அரைக்கும் பொறுப்பு, மாலை ஆறு மணிக்கெல்லாம் வீடு திரும்பும் கணவருக்குப் போனது. இதை நான் வற்புறுத்தினேன். வெளியில் பதின்மூன்று மணி நேரம் இருக்கும் ஒருவர் இரவு எட்டு மணிக்குமேல் தமக்கென்று தனியாக ஒன்று சமைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதப்படும் எந்தத் திட்டமும் இரண்டாவது வாரத்தைத் தாண்டாது. அவருக்கு வேண்டிய உணவே வீட்டார் அனைவருக்கும் உரிய உணவாக இருக்க வேண்டும், அதில் வீட்டாரின் கையும் சேர வேண்டும்.

முதல் வாரத்திலேயே இரண்டு தடங்கல்கள் வந்தன. திடீரென்று பருப்பு கூடியதால் வயிறு உப்பியது. பருப்பிலும் பயற்றிலும் உள்ள ஒரு வகைச் சர்க்கரைகளை நம் குடல் செரிப்பதில்லை. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள் அவற்றை நொதிக்கவைக்கும்போது காற்று உண்டாகிறது. ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் அரைப்பது, எளிதில் செரிக்கும் பச்சைப்பயற்றிலிருந்து தொடங்கி மெல்லக் கடலைப்பருப்புக்குப் போவது, பெருங்காயத்தையும் இஞ்சியையும் தாராளமாகச் சேர்ப்பது ஆகியவற்றால் பத்து நாளில் அது அடங்கியது. தொடக்கத்திலேயே அளவைப் படிப்படியாகக் கூட்டும்படி எழுதிக் கொடுப்பது நல்லது என்பதால் இப்போது மற்றவர்களுக்கு அப்படியே எழுதிக் கொடுக்கிறேன். இரண்டாவது தடங்கல், சாம்பார் இல்லாமல் உசிலி தொண்டையில் அடைக்கிறது என்று மகன் முறையிட்டது. அதற்கு விடை நம் சமையலிலேயே இருந்தது: உசிலிக்கு என்றும் துணை மோர்க்குழம்பும் வத்தக்குழம்பும்தான். வத்தக்குழம்பு புளிப்பானது, எண்ணெய் மிதப்பது, இரண்டு நாள் நிற்கும்; காலை வேலையையும் அது குறைத்தது.

இரும்புச்சத்துக்காகச் செய்த சிறு மாற்றம் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பருப்பில் உள்ள இரும்பை உடல் ஏற்பதை டீயும் காபியும் தடுக்கின்றன. எலுமிச்சையும் நெல்லிக்காயும் கூட்டுகின்றன. சாப்பிட்ட கையோடு குடித்த டீயை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, உசிலியின்மேல் எலுமிச்சை பிழியச் சொன்னேன்.

திட்டம் நிற்காத நாள்கள்

வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் கெடு நெருங்கும் வாரங்களில் அவர் வீடு திரும்ப இரவு ஒன்பதைத் தாண்டும். அந்த நாள்களில் எந்த அட்டவணையும் நிற்காது என்பதை ஒப்புக்கொண்டு, சமைக்கவே தேவையில்லாத ஒன்றை வைத்துக்கொண்டோம். பொட்டுக்கடலையை மிக்சியில் மாவாக்கி, வறுத்த சீரகமும் உப்பும் கலந்து ஒரு டப்பாவில் வைப்பது. 30 கிராம் மாவை ஆவின் பாலகத்தில் வாங்கிய மோரில் கரைத்துக் குடித்தால் 7 கிராம் புரதம் கையோடு கிடைக்கும். பீகாரில் சத்து என்ற பெயரில் வறுத்த கடலை மாவை நீரில் கரைத்துக் குடித்து வயலுக்குப் போவது நெடுங்காலப் பழக்கம். உழைப்பவர்களின் கைப்பையில் இருக்க வேண்டிய உணவு அது. ஒரு தம்ளர் பால் என்றால் 6 கிராம். கெடு முடிந்த மறுநாள் பழைய வரிசைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் மூன்று நாள் உணவுக் குறிப்பு வாங்கினேன். சராசரி 56 கிராம். இலக்கைத் தொடவில்லை, வெள்ளிக்கிழமைகளில் அடைக்குப் பதில் அவசரமாக உப்புமா நுழைந்ததே முக்கியக் காரணம். ஆனால் மாலை நாலு மணிச் சோர்வு பெரும்பாலும் போய்விட்டது என்றும், பஜ்ஜிக் கடைக்கு வாரத்தில் ஒரு நாள்தான் போகிறேன் என்றும் சொன்னார். எடை ஒன்றரை கிலோ இறங்கியிருந்தது. ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டியதில் மாத்திரையின் பங்கே பெரிது. அதை உணவின் வெற்றியாக நான் எழுத மாட்டேன். மூன்று மாத சர்க்கரை அளவில் மாற்றம் இருக்கிறதா என்பது அடுத்த பரிசோதனையில்தான் தெரியும். ஒருவரின் அனுபவத்தை வைத்து எல்லோருக்கும் விதி சொல்ல முடியாது. இரவுப் பணியில் இருப்பவருக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் இந்த அளவுகள் அப்படியே பொருந்தா.

இனி வருவது புரட்டாசி. அந்த மாதம் முழுவதும் முட்டை இல்லை என்பதால் திங்கள், புதன், வியாழன் காலைகளுக்கு 12 கிராம் புரதம் வேறிடத்திலிருந்து வர வேண்டும். ஒரு நாள் முந்தைய இரவு ஊறவைத்துக் காலையில் குக்கரில் வேகவைத்த கறுப்புக் கொண்டைக்கடலை. 50 கிராம் கடலையில் 9 கிராம் கிடைக்கும், தேங்காய் சேர்க்காமல் தாளித்துச் சூடாக எடுத்துச் சென்று ரயிலிலேயே முடித்துவிட வேண்டும். ஒரு நாள் பச்சைப்பயறு தோசை. மூன்றாம் நாள் காலை இட்லியோடு ஒரு தம்ளர் பாலும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும். வெள்ளிக்கிழமை உப்புமாவுக்கு மாற்றாக, வியாழன் இரவே இரண்டு அடையைச் சேர்த்து வார்த்து ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் கல்லில் போட்டுச் சூடாக்கிக் கொடுக்கும் பொறுப்பைக் கணவர் ஏற்றிருக்கிறார். அதற்கேற்ப வாரத்தின் இரண்டாவது அடைமாவை அரைக்கும் நாளைப் புதன்கிழமைக்கு மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.